மஞ்சள் இலையும் மணலி மூட்டையும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரலை, மன்னிச்சுக்கோங்க. ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா புளியங்குடி. தென்காசி மாவட்டம், மலையடிவாரம், எலுமிச்சைக்குப் பேர்போன இடம். எங்க பெரியப்பாவுக்கு அங்க ஒண்ணரை ஏக்கர்ல தோட்டம். 160 மரம், எல்லாம் பன்னெண்டு வயசு. அந்தத் தோட்டத்தை வெட்டிப் போட்டுட்டு இடத்தை வித்துடலாமான்னு அவர் யோசிச்சிட்டிருந்தாரு. இன்னிக்கு அந்தக் கதைதான். கம்ப்யூட்டர் பத்தி எதுவும் இருக்காது. கொஞ்சம் இருக்கும்.

மார்கழி மாசம் ஒரு ராத்திரி போன் பண்ணாரு. எடுத்த எடுப்புல, "ஏலே, ஒங்க ஊர்லதான யூரியா பண்ணுதானுவ? இப்ப வார மூட்டையில சத்தே இல்லல. எம்புட்டுப் போட்டாலும் இலை மஞ்சளாத்தான் நிக்கி. கலப்படம் பண்ணுதானுவளா, கேட்டுச் சொல்லு"ன்னாரு. ஏதோ நான் மணலி ஃபேக்டரி வாசல்ல உக்காந்து கோட் எழுதுற மாதிரி.

சிரிச்சேன். ஆனா நம்ம பக்கத்து ஆளுங்க இந்தக் கேள்வியைச் சிரிச்சுத் தள்ளக் கூடாது. திருவொற்றியூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மணலி புகைபோக்கிங்க தெரியும். அங்க இருக்கிற மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1966ல இந்திய அரசும் அமெரிக்காவோட அமோகோ கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது. 1971ல உற்பத்தி தொடங்குச்சு. 'விஜய்'னு போட்ட மூட்டை அவங்களோடதுதான், நடிகருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பல வருஷம் நாப்தாவை வச்சு ஓட்டினாங்க, 2019ல எரிவாயுவுக்கு மாறினாங்க. ஃபேக்டரிக்கு வேண்டிய தண்ணி? கொடுங்கையூர்ல சுத்திகரிச்ச கழிவுநீர். நாம வியாசர்பாடியில குளிச்சு விட்ட தண்ணி ஒரு சுத்து சுத்தி யூரியா வேலைக்குப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

யூரியா எப்படிப் பிறக்குதுன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன். அதை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனோட அழுத்தத்துலயும் சூட்டுலயும் சேர்த்தா அம்மோனியா. ஹேபர் கண்டுபிடிச்சு, பாஷ் ஃபேக்டரி அளவுக்குக் கொண்டுவந்த வழி. 1913ல ஜெர்மனியில முதல் ஆலை ஓடுச்சு. அந்த அம்மோனியாவோட கரியமில வாயுவைச் சேர்த்தா யூரியா. நூறு கிலோ யூரியாவுல 46 கிலோ நைட்ரஜன்.

அம்மோனியான்னா என்னன்னு எண்ணூர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கடலுக்கடியில போற உரக் கம்பெனிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்க குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. பல பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. எர்ணாவூர்ல எங்க அத்தை வீடு. அன்னிக்கு ராத்திரி அத்தை போன்ல பேசவே இல்லை, இருமல்தான் கேட்டுச்சு. மறுநாள் அங்க போனப்ப துணிமணியில மிச்சம் இருந்த நெடியை மூக்கு ஞாபகம் வச்சிருக்கு. கடல்ல அந்தக் குழாய் எதுக்கு வந்துச்சு? உரம் பண்ண. உரம் எங்க போகுது? பெரியப்பா மாதிரி ஒருத்தர் தோட்டத்துக்கு. அவர் சொல்றாரு, "சத்தே இல்லல." அப்ப எங்கயோ ஏதோ தப்பா இருக்கணும் இல்லையா?

பொங்கலுக்குப் போனேன். முதல் வேலையா அந்த மூட்டையைத்தான் பார்த்தேன். முன்பக்கம் பெருசா 'பாரத்'னு இருக்கும். 2022 கடைசியிலிருந்து எந்தக் கம்பெனி பண்ணாலும் அதே பேர்தான். திருப்பிப் பொடி எழுத்துல படிச்சா, மூட்டை மணலியே இல்லை, தூத்துக்குடி. "எங்க ஊர் தப்பிச்சுது பெரியப்பா"ன்னேன். அவர் சிரிக்கலை.

அவர் சிரிக்காததுக்குக் காரணம் தோட்டத்துக்குள்ள போனதும் தெரிஞ்சுது. துளிர் இலையெல்லாம் சின்னதா, குறுகலா, மேல நோக்கி நிமிர்ந்து நிக்குது. நரம்பு ஓரம் பச்சை, நடுவுல மஞ்சள். மேல் கிளைங்க நுனியிலிருந்து காய்ஞ்சு வருது. காய் கோலிக்குண்டு சைஸ். சந்தையில அந்தக் காயைப் பொறுக்கித் தனியா ஒதுக்குறாங்க. ரெண்டு வருஷமா தோட்டத்துச் செலவே திரும்பலைன்னு பெரியம்மா தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. கூட்டுறவு சங்கத்துல நகை இருக்கிறதையும் சொன்னாங்க.

நமக்குத் தெரிஞ்ச தொழில் ஒண்ணுதான். சர்வர் படுத்துக்கிச்சுன்னா முதல்ல ரீஸ்டார்ட் பண்ணாதே, லாக் பாரு. பெரியப்பாவோட லாக் ஒரு பழைய காலண்டர். எப்ப எத்தனை மூட்டை வாங்கினாருன்னு பென்சில்ல குறிச்சு வச்சிருக்காரு. நாலு வருஷக் காலண்டரை வாங்கி உக்காந்து கணக்குப் போட்டேன். மரத்துக்கு வருஷம் மூணு கிலோ யூரியா, ரெண்டு கிலோ டிஏபி. பொட்டாஷ் பூஜ்யம். தொழுவுரம் மாடு வித்த வருஷத்தோட நின்னு போச்சு.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் எலுமிச்சைக்கு என்ன சொல்லுது? ஆறாவது வருஷத்திலிருந்து ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு 600 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல் சத்து, கூட 30 கிலோ தொழுவுரம். தழைச்சத்தை மார்ச்ல பாதி, அக்டோபர்ல பாதி. மத்ததெல்லாம் அக்டோபர்ல. 600 கிராம் தழைச்சத்துன்னா யூரியா கணக்குல 1.3 கிலோ, அவ்வளவுதான். பெரியப்பா போட்டதுல யூரியாவும் டிஏபியும் சேர்ந்து தழைச்சத்து 1,740 கிராம், கிட்டத்தட்ட மூணு மடங்கு. மணிச்சத்து 920 கிராம், நாலரை மடங்கு. சாம்பல் சத்து சைபர்.

இது பெரியப்பாவோட முட்டாள்தனம்னு நினைக்காதீங்க. விலையைப் பாருங்க. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய்கூட இல்லை. டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். பொட்டாஷ் நம்ம நாட்டுல கிடைக்காது, முழுக்கக் கப்பல்ல வரணும், யூரியாவைவிடப் பல மடங்கு விலை. 2010ல மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் மானியத்தை மாத்தினப்ப யூரியாவை மட்டும் அதுல சேர்க்கலை. இலை மஞ்சளானா கையில காசு இல்லாத ஆள் எதை அள்ளிப் போடுவாரு? எது மலிவோ அதை. போட்டவுடனே ரெண்டு வாரத்துல பச்சைத் துளிர் வேற வரும். மருந்து கேட்ட மாதிரி இருக்கும். அந்த இளசான துளிரைத் தேடித்தான் இலைத் துளைப்பான் வரும், இலை மேல பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளிக் கோடு போடும். அந்தக் காயத்து வழியா சொறி நோய் ஏறும். பெரியப்பா அதுக்கும் ஒரு கடையில மருந்து வாங்கியிருக்காரு. 'டானிக்'னு ஒரு பாட்டில் வேற. அது என்னன்னு பாட்டில்லயே எழுதலை.

சரி, மரத்துக்கு என்னதான் குறை? தழைச்சத்துக் குறைன்னா முதல்ல பழைய இலை மஞ்சளாகும். மரம் பழசுல இருந்து உருவிப் புதுசுக்குக் கொடுத்துடும். இங்க பழைய இலை கரும்பச்சையா இருக்கு, புதுசுதான் மஞ்சள். அப்படின்னா மரத்துக்குள்ள இடம் மாத்த முடியாத ஏதோ ஒண்ணு குறையுது. இரும்பா இருந்தா இலை சைஸ் குறையாது, மெல்லிய பச்சை வலை மாதிரி நரம்பு மட்டும் தெரியும். மக்னீசியம்னா பழைய இலையில அடியில கவிழ்த்த 'வி' மாதிரி பச்சை நிக்கும். சின்ன இலை, நெருங்கின கணு, நரம்போரப் பச்சை, இதெல்லாம் துத்தநாகம். ஜிங்க். ஒரு மரத்துக்குத் தேவைப்படுறது கிராம் கணக்குலதான். மூட்டையில அது இல்லவே இல்லை. எவ்வளவு யூரியா போட்டாலும் யூரியாவுக்குள்ள ஜிங்க் வராது.

ஆனா மண்ணுல ஜிங்க் இல்லவே இல்லையான்னா, அதுவும் இல்லை. இங்கதான் எனக்கு விஷயம் பிடிச்சுப் போச்சு. தோட்டத்துல ஒரு மண்கட்டியை உடைச்சு, அவர் மரத்துக் காயையே பிழிஞ்சு நாலு சொட்டு விட்டேன். புஸ்ஸுனு நுரைச்சுது. சோடா மாதிரி. பெரியப்பா குனிஞ்சு பார்த்தாரு. சுக்காங்கல் மண். சுண்ணாம்பு. கிணத்துத் தண்ணியும் அப்படித்தான், பெரியம்மாவோட வெந்நீர்ப் பானை அடியில வெள்ளையா ஓடு கட்டியிருக்கு. வருஷக் கணக்கா தண்ணி பாய்ச்சப் பாய்ச்சச் சுண்ணாம்பும் சேர்ந்து பாய்ஞ்சிருக்கு. பிப்ரவரியில மண் பரிசோதனை முடிவு வந்துச்சு: கார அமில நிலை, அதாவது பி.எச்., 8.3.

8.3ன்னா 7.3ஐவிடக் கொஞ்சம்தானே ஜாஸ்தின்னு தோணும். அது லாக் ஸ்கேல். பி.எச். ஒரு படி ஏறினா மண் தண்ணியில கரைஞ்சு நிக்கிற ஜிங்க் நூறு மடங்கு குறையும். இரும்பு இன்னும் மோசம். ஜிங்க் மண்ணுலதான் இருக்கு, வேருக்குக் கொடுக்காமப் பூட்டி வச்சிருக்கு. டேட்டாபேஸ்ல ரெக்கார்ட் இருக்கு, பர்மிஷன் இல்லை. அதுக்கு மேல பெரியப்பா நாலு வருஷமா கொட்டின டிஏபி. மணிச்சத்து அளவுக்கு மீறினா அதுவே ஜிங்க்கை வேர் எடுக்க விடாம மறிக்கும். அவர் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுக்கு மேல பூட்டு போட்டிருக்காரு. இதைச் சொன்னப்ப அவர் ரொம்ப நேரம் பேசலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மோட்டார் ரூம் பக்கம் போயிட்டாரு.

இன்னொண்ணு. அவர் யூரியா போடுற விதம். மரத்தைச் சுத்தி, தண்டு ஓரமா, மண்ணு மேல தூவுறது. அதை மூடுறதும் இல்லை, உடனே தண்ணி விடறதும் இல்லை. தண்ணி முறை வர ரெண்டு மூணு நாள் ஆகும். பொங்கலுக்கு மறுநாள் ஒரு பாத்தியில உக்காந்து மண்ணைக் கிளறிட்டிருந்தேன். முந்தாநாள் தூவினது, பனி ஈரம். மூக்கைக் கிட்ட கொண்டுபோனா மெலிசா ஒரு நெடி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எர்ணாவூர்ல அத்தை புடவையில இருந்த அதே நெடி. பயப்படுற அளவெல்லாம் இல்லை, ஆனா அதே சாமான். யூரியா ஈரத்துல மண்ணுல இருக்கிற ஒரு நொதியால திரும்ப அம்மோனியாவா மாறும். மண்ணுக்குள்ள நடந்தா நல்லது, மண் பிடிச்சு வச்சுக்கும். சுண்ணாம்பு மண்ணோட மேல்பரப்புல நடந்தா ஒரு பங்கு அப்படியே காத்துல போயிடும். எரிவாயு, அழுத்தம், குழாய், கப்பல், நம்ம பக்கத்து ஜனங்களோட நுரையீரல், இத்தனையும் செலவு பண்ணி காத்துல இருந்து பிடிச்ச நைட்ரஜன், புளியங்குடியில மறுபடி காத்துக்கே. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுறதுன்னுதான் தெரியலை.

சுறுசுறுப்பா உறிஞ்சுற சல்லி வேர் தண்டு ஓரத்துல இல்லை. தண்டிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளிப் பாத்தியில போட்டு, மண்ணோட கலந்துவிட்டு, தண்ணி காட்டணும். பெரியப்பா இதைக் கேட்டதும், "எங்கப்பா அப்படித்தாம்ல கொத்திப் போடுவாரு"ன்னாரு. அப்ப ஆள் இருந்தாங்க. இப்ப கொத்துற கூலி, தூவுற யூரியாவைவிட ஜாஸ்தி.

இதுவரைக்கும் நான் ஹீரோ மாதிரி பேசிட்டிருக்கேன் இல்லையா? இப்ப நான் கோட்டைவிட இருந்த இடம். எல்லா மரத்துக்கும் ஒரே பக்னு முடிவு பண்ணிட்டேன். 160 மரத்துக்கும் ஜிங்க், கேஸ் க்ளோஸ். சங்கரன்கோவில் பக்கம் வன்னிக்கோனேந்தல்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஒரு பை நிறைய இலையைப் பறிச்சுக்கிட்டு, உறுதி பண்ணிக்கலாம்னு போனோம். அங்க இருந்த மேடம் இலைகளை மேஜை மேல பரப்பி, ஒவ்வொண்ணா நடு நரம்போட மடிச்சுப் பார்த்தாங்க. பெரும்பாலானதுல இடப்பக்க மஞ்சளும் வலப்பக்க மஞ்சளும் கண்ணாடியில பார்த்த மாதிரி பொருந்துச்சு. அது சத்துக் குறை. ஏழெட்டு இலையில பொருந்தலை. ஒரு பக்கம் திட்டுத் திட்டா மஞ்சள், மறுபக்கம் அதே இடத்துல பச்சை. "இது எந்த மரம்?"னு கேட்டாங்க. நான் எல்லாத்தையும் ஒரே பையில போட்டுட்டேன். லாக்ல ஐடி இல்லை. இந்தத் தப்பை ஆபீஸ்ல ஜூனியர் பண்ணா நான் எப்படித் திட்டுவேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அது கிரீனிங்கா இருக்கலாம்னாங்க. சைலிட்னு ஒரு பொடிப் பூச்சி, துளிர்ல உக்காந்து சாறு உறிஞ்சும், அது மூலமாப் பரவுற பாக்டீரியா. மரத்தோட உணவு போற குழாயை அடைச்சுடும். அதனால மரம் பட்டினி கிடக்கும், இலை பார்க்க ஜிங்க் குறை மாதிரியே இருக்கும். மருந்து கிடையாது. கீழ்ப்பழநி மலையில கமலா ஆரஞ்சு அழிஞ்சதுல இதுக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 2005ல இதைக் கண்டுபிடிச்சாங்க. 2003-04 சீசன்ல 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2023-24ல 2 கோடிகூட எடுக்கலை. புயலும் காரணம், வீட்டு மனை ஆனதும் காரணம், ஆனா முதல் காரணம் இந்தப் பூச்சி. அங்க சில பேர் நோயுள்ள மரத்துக்குச் சத்துக் கொடுத்துக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாங்க. மரம் கொஞ்ச காலம் நிக்கும், பச்சையாவும் இருக்கும். நின்னுக்கிட்டே பக்கத்து மரத்துக்கும் கொடுக்கும்.

யோசிச்சுப் பாருங்க, பெரியப்பா எல்லா மரத்துக்கும் ஜிங்க் அடிச்சுட்டு, அஞ்சாறு மட்டும் தேறலைன்னு அதுங்களுக்கு இன்னும் ரெண்டு கிலோ யூரியா போட்டிருப்பாரு. யூரியா போட்டா துளிர். துளிர் வந்தா சைலிட்.

திரும்பி வந்து மரத்துக்கு நம்பர் போட்டோம். பெயின்ட்ல. அது ஒரு முழு நாள். சந்தேகப்பட்டது ஆறு மரம். இலை பி.சி.ஆர். சோதனைக்குப் போச்சு, கோவிட்ல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அந்த வகைச் சோதனைதான். ஆறுல ரெண்டு பாசிட்டிவ். 41, 57. 41 கிணத்து மேட்டுல நிக்கிற மரம். பெரியம்மா அதுலதான் ஊறுகாய்க்குப் பறிப்பாங்களாம். ரெண்டையும் வேரோட எடுத்தாச்சு. பெரியப்பா மத்த 158ஐப் பத்தி அன்னிக்கு ஒரு வார்த்தை பேசலை, அந்த ரெண்டைப் பத்தியேதான் பேசிட்டிருந்தாரு.

மார்ச்ல மரத்துக்கு 650 கிராம் யூரியா, அவ்வளவுதான். பாத்தியில கலந்து, உடனே தண்ணி. டிஏபி நிறுத்தியாச்சு. மண்ணுல கிடக்கிற மணிச்சத்தே சில வருஷம் போதும்னு மண் பரிசோதனை பார்த்துட்டுச் சொன்னாங்க. பொட்டாஷ் அரைக் கிலோவும் தொழுவுரமும் அக்டோபர்ல. தொழுவுரம்தான் பிரச்சினை, 158 மரத்துக்கு 30 கிலோன்னா கிட்டத்தட்ட அஞ்சு டன். பக்கத்து ஊர்ல கிடை ஆடு கட்டுறவங்ககிட்ட பேசிட்டிருக்கோம், நடுவுல சணப்பு விதைச்சு மடக்கி உழவும் யோசனை. ஜிங்க்கை மண்ணுல போட்டா மறுபடி பூட்டிக்கும், அதனால இலை மேல. நூறு லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ ஜிங்க் சல்பேட், இலை கருகாம இருக்கக் கால் கிலோ நீத்த சுண்ணாம்பு. புதுத் துளிர் வந்ததும் அடிக்கணும். மார்ச், ஜூலை, அக்டோபர்னு வருஷம் மூணு தடவை. ஏன் மூணுன்னா, சொன்னேனே, ஜிங்க் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது. இதே டிரம்முல டிஏபியைக் கரைச்சுடாதீங்க, ரெண்டும் சேர்ந்து அடியில தங்கிடும், தெளிச்சது வெறும் தண்ணிதான்.

போன வாரம் பார்த்துட்டு வந்தேன். மார்ச்ல அடிச்ச துளிர் அகலமா, ஒரே பச்சையா விரிஞ்சிருக்கு. அதுக்கு அப்புறம் வந்த நுனித் துளிர் மறுபடி லேசா மஞ்சள் காட்டுது, அது எதிர்பார்த்ததுதான், ஜூலைக்குக் காத்திட்டிருக்கு. காய் இன்னும் சிறுசுதான். இந்தக் கோடை விலை பெரியப்பாவுக்குக் கிடைக்கலை. நகை இன்னும் சங்கத்துலதான் இருக்கு. இடம் பார்க்க வந்தவர்கிட்ட, "அக்டோபர் கழிச்சு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். காலண்டர்ல இப்ப மூட்டைக் கணக்கோட மரத்து நம்பரும் எழுதுறாரு. மோட்டார் ரூம்ல நாலு மூட்டை யூரியா தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காரு, பழசு மிச்சம். திருப்பிக் கொடுக்க மனசு வரலையாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். போன தடவை ஸ்கின் அலர்ஜி எபிசோட் போட்டதும் ஆளாளுக்குக் கை கால் போட்டோ அனுப்பினீங்க. இந்தத் தடவை இலை போட்டோ அனுப்பாதீங்க. நான் டெவலப்பர், ஒரு தோட்டத்தைத்தான் பார்த்திருக்கேன், அதுலயும் பாதி தப்பாப் பார்த்தேன். இலையை மரத்துக்கு ஒரு கவர்ல போட்டு, மேல நம்பர் எழுதி, உங்க மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு கிண்ணத்துல கொஞ்சம் மண்ணும். அடுத்த வாரம் காசிமேடு ஐஸ் ஃபேக்டரி பத்திப் பேசுவோம். அங்கயும் அம்மோனியா இருக்கு.